நாத்தனார் வருவதற்குள் படிக்கவும்

என்னங்க,

நீங்க வாக்கிங் முடிஞ்சு வர்றதுக்குள்ள கிளம்பறேன். உங்க முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு.

நேத்து கம்ப்யூட்டர்ல உங்க ரிப்போர்ட் ஒண்ணுதான் திறக்கலை. காலையில நான் சரி பண்ணினதுக்கப்புறம் எதுவுமே திறக்கலை. எந்த ஃபைலைத் தொட்டாலும் பாட்டு ப்ளேயர் வந்து நிக்குது. "எதுல திறக்கணும்?"னு கம்ப்யூட்டர் கேட்டப்போ அவசரத்துல அந்த ப்ளேயரை அழுத்திட்டு, "எப்பவும் இதிலேயே திற"ன்னு டிக்கும் போட்டேன். வேர்டு, எக்செல் ரெண்டுக்கும். எதைச் செஞ்சாலும் முழுசா செய்யறவ ஆச்சே! ஃபைல் எதுவும் அழியலை, பயப்படாதீங்க.

"என் தங்கச்சியக் கூப்பிடறேன்"னு நீங்க சொன்னப்போ, "இதுக்கெல்லாமா ஆளு?"ன்னு குதிச்சேனே, இப்ப நானே அவளுக்குப் போன் பண்ணிட்டேன். ரிப்போர்ட் அனுப்பற நேரத்துக்குள்ள வந்துடுவா. ரெண்டு பேரும் நான் வர்றதுக்குள்ள சிரிச்சு முடிச்சிடுங்க.

அவ காபிக்குச் சர்க்கரை கம்மி.

பி.கு: இந்தச் சீட்டையும் கௌரவமா டைப்தான் பண்ணினேன். மறுபடி திறந்தா ப்ளேயர் வருது. அதான் கையெழுத்து. கல்யாணமாகி உங்களுக்கு நான் கையால எழுதற முதல் கடுதாசி. கசக்கிப் போட்டுடாதீங்க.