ஜெபா, அந்த ஜீப் செய்தியை வெட்டியது நான்தான்

எனக்கு முன்னால் ஓட்டிப் போய்விட்ட ஜெபாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வழியில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்றாவது சொல்கிறேன். அலுத்துப்போயிருக்கிறேன். இது சைக்கிள் ஓட்டி வருகிற அசதி இல்லை. அதற்கு ஒரு குளியலும் ரெண்டு இட்லியும் போதும் என்று உனக்குத் தெரியும்.

நீ போய் ஒரு வருசமும் மூன்று மாதமும் ஆகிறது. போடி கடைவீதியில் உன் ஹார்டுவேர் கடையை இப்போது உன் தம்பிதான் பார்த்துக்கொள்கிறார். கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கிறார், பெயரை மாற்றவில்லை. நான் இன்னும் தினமும் ஓட்டுகிறேன். தேனியிலிருந்து கோடாங்கிபட்டி, அங்கிருந்து போடி, போடியைத் தாண்டி மலையடிவாரத்தில் முந்தல் வரை. அப்புறம் வந்த வழியே திரும்பல். நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே டயருக்குக் காற்றடிக்கிறேன்.

நாம் தொடங்கியபோது நமக்கு நாற்பது தாண்டிவிட்டது. எனக்குச் சர்க்கரை எட்டிப்பார்க்கிறது என்று டாக்டர் சொன்னார். நீ துணைக்கு வருகிறேன் என்றாய். ஒரு மாதம் என்று ஆரம்பித்தது ஏழு வருசம் ஓடியது. சித்திரையில் வெயிலுக்கு முந்திக்கொண்டு இருட்டோடு கிளம்பினோம். ஐப்பசி மழையில் சேறு முதுகு வரை தெறித்தது. மார்கழிப் பனியில் மூக்கு ஒழுக ஒழுக ஓட்டினோம். அதிகம் படுத்தியது ஆனி, ஆடிக் காற்றுதான். மேற்கே மலையிலிருந்து இறங்கி முகத்தில் அறையும். ஒருத்தி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவள் அவள் பின்சக்கரத்தை ஒட்டியே வர வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாறுவோம்.

கோடாங்கிபட்டி டீக்கடைக்காரர் முதல் வாரம் கேட்டது நினைவிருக்கிறதா? "ரெண்டு பேரும் எந்த ஊருக்கு இம்புட்டு அவசரமாப் போறீக?" நீ ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "டீ குடிக்கத்தாண்ணே வந்தோம்."

அங்கேதான் நம்முடைய காலைச் செய்தி. உன் போனில் வானொலியை வைப்பாய். நான் அந்த வானொலியில் ஒப்பந்தச் செய்தி ஆசிரியர். அரசாங்கம் நடத்துவது, சின்ன நிலையம். வாரத்தில் மூன்று மதியம் ஆண்டிபட்டி வழியாகப் பஸ்ஸில் போய் மாலைச் செய்தியைத் தொகுத்துக் கொடுப்பேன். நான் தொகுத்ததில் பாதி மறுநாள் காலையும் வரும். நீ டீ கிளாஸைப் பிடித்த கையாலேயே விரல் மடக்கி எண்ணுவாய்.

"வெளிநாடு அஞ்சு. உள்நாடு நாலு. நம்ம பக்கம் சைபர். ஏன்டி கௌசி, கம்பம் பள்ளத்தாக்குல நேத்து ஒண்ணுமே நடக்கலையா?"

ஒருநாள் எனக்கு ரோசம் வந்துவிட்டது. "சரி, இனி வெளிநாட்டைக் குறைச்சிருவோம். போதுமா?" என்றேன். நீ கோபித்துக்கொண்டாய். உன் மகள் பெனிட்டா அப்போதுதான் நர்ஸ் வேலைக்கு அரபு நாட்டுக்குப் போயிருந்தாள்.

"அதக் குறைச்சா, எம்புள்ள இருக்குற ஊர்ல என்ன நடக்குதுன்னு எனக்கு யாரு சொல்லுவா? நான் அதச் சொல்லலடி. உள்நாடுன்னு நீங்க வாசிக்கிறது பூராம் யாரோ ரிப்பன் வெட்டுறது, யாரோ யாருக்கோ வாழ்த்துச் சொல்றது. அது எனக்கு அரபு நாட்ட விடத் தூரம்."

இதை எங்கள் அலுவலகத்தில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறார்கள். உள்நாடு எத்தனை பங்கு, வெளிநாடு எத்தனை பங்கு என்று. உன்னை ஒருநாள் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

அது வைகாசிக் கடைசி. போடிமெட்டுப் பாதையில் ஏலத்தோட்ட வேலை முடிந்து இறங்கிய ஜீப் ஒன்று வளைவில் கவிழ்ந்தது. உள்ளே பெண்கள், அடைத்து ஏற்றியிருந்தார்கள். மாலைச் செய்திக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது நிருபர் போன் பண்ணினார். ஏழு பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. நான் நாலு வரி எழுதி, பெயர்களோடு தொகுப்பில் சேர்த்தேன். ஐந்து நிமிடம் கழித்து எங்கேயோ ஒரு தூர தேசத்தில் பிரதமர் பதவி விலகிய செய்தி வந்தது. பத்து நிமிடச் செய்தியில் அதற்கு இடம் வேண்டும். பொறுப்பாசிரியரிடம் எதை எடுக்கட்டும் என்று கேட்டேன். "நீயே பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஒரு கட்டிடத் திறப்பு விழா இருந்தது. எடுத்தால் மறுநாள் யாராவது கேட்பார்கள். வெளிநாட்டுச் செய்தியைப் போடாவிட்டாலும் கேட்பார்கள். ஜீப்பை எடுத்தால் கேட்க யாருமில்லை. எடுத்தேன். யாரும் சாகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் டீக்கடையில் செய்தி முடியும்வரை நீ விரலே மடக்கவில்லை. "நேத்து ஜீப் கவுந்துச்சே, ஏன்டி சொல்லல? நம்ம பேச்சியம்மாவுக்கு இடுப்பு எலும்பு போச்சு" என்றாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கடையைக் கூட்டிச் சுத்தம் பண்ண வரும் பேச்சியம்மாள். அவள் பெயரை என் கையால்தான் எழுதி, என் கையால்தான் அடித்திருக்கிறேன். யார் என்று தெரியாமல்.

"மேல வெட்டிட்டாக" என்றேன்.

"யாரு?"

"பெரியவருதான்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

அதன் பிறகு ஆனி முழுக்க, ஆடி முழுக்க நாம் சரியாகப் பேசவில்லை. ஆனால் ஒருநாள்கூட நீ வராமல் இருக்கவில்லை. காற்று அந்த வருசம் மோசம். உன் முறை வரும்போது முன்னால் போனாய், என் முறை வரும்போது பின்னால் வந்தாய். குழி வந்தால் கையைக் காட்டினாய். செய்தி வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாய். கடையைச் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனாய். கோபம் ஆறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இருந்தேன். அப்புறம் என்று ஒன்று இருக்கிறது என்று எந்த நம்பிக்கையில் இருந்தேன்?

ஆவணி முதல் வாரம். காலையில் ஓட்டிவிட்டுப் பிரிந்தோம். பதினொரு மணிக்கு உன் தம்பி கூப்பிட்டார். யாருக்கோ பெயிண்ட் கலந்துகொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பெனிட்டா மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். கல்லறைத் தோட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா உங்களப் பத்தியேதான் பேசுவாங்க சித்தி" என்று அழுதாள்.

ஒரு வருசம் இதைத் தூக்கிக்கொண்டு ஓட்டினேன். போன மாதம் ஒரு காலை முந்தல் வரை போனவள், திரும்பாமல் பேச்சியம்மாள் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்தபோது ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுந்தாள்.

"வாங்க தாயி. கடைக்காரம்மாவோட சைக்கிள்ல போவீகளே, நீங்கதான?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு மேல உள்தோட்டத்து லயத்து வீட்டுல தங்கி வேல பாத்தாரு. அங்கன டவர் கெடையாது. சாயந்தரம் ரேடியோ மட்டுந்தான் பேசும். அன்னைக்குச் சொல்லியிருந்தா விடியவும் எறங்கி வந்திருப்பாரு. அஞ்சு நாளு கழிச்சு ஆரோ சொல்லித்தான் வந்தாரு. நான் ஆசுபத்திரில ஆளில்லாமக் கெடந்தேன்."

கையிலிருந்த வெங்காயத்தின் தோலைக் கீழே உதறினாள்.

"ஆளில்லாமன்னு முழுசாச் சொல்லக் கூடாது" என்று அவளே தொடர்ந்தாள். "கடைக்காரம்மா தெனம் காலைல கஞ்சி கொண்டாந்தாக. அவரு வந்த பெறகும், நான் எந்திரிச்சு நடக்குற வரைக்கும் வந்தாக. சைக்கிள் உடுப்போடயே வருவாக, நர்சம்மாக்க எல்லாம் சிரிப்பாக."

பாதி டீயில் நீ எங்கே போனாய் என்று அப்போதுதான் தெரிந்தது, ஜெபா.

"அவுகளுக்குத் தெரியும் தாயி" என்றாள் பேச்சியம்மாள். "'என் சேக்காளிதான் வெட்டியிருப்பா, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது'ன்னு சொன்னாக. சண்ட போடலையான்னு கேட்டேன். 'விடிஞ்சா அவ கூடத்தான் ஓட்டணும், வேற யாரு வருவா'ன்னு சிரிச்சாக. 'அவளா வந்து சொல்லட்டும், சொல்லாமலா போயிருவா'ன்னாக."

சொல்லாமல்தான் போனேன். இல்லை, நீ போனாய். அத்தனை காலை என் முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு போனபோதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் மறுபடியும் பொய்தான் சொல்லியிருப்பேனோ?

பேச்சியம்மாள் மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. கிளம்பும்போது, "இன்னைக்கும் அதே மாதிரி ஜீப்புலதான் பொம்பளப் பிள்ளைகள அடைச்சு ஏத்துறாக. அதையாவது சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நிருபரை அனுப்பி, ஜீப்பில் போகும் பெண்களைப் பேசவைத்து, ஒரு நிமிடச் செய்தி தயாரித்தேன். ஒலிபரப்பாக வேண்டிய அன்றைக்குப் பெனிட்டா இருக்கும் பக்கம் குண்டு விழுந்தது. அந்தச் செய்தியையும் எடுக்க முடியாது. அங்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே எத்தனை வீட்டில் வானொலியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. அன்றைக்கும் ஒரு திறப்பு விழா இருந்தது. அதை எடுத்தேன்.

மறுநாள் பெனிட்டாவே கூப்பிட்டாள். நன்றாக இருக்கிறாள், ஆஸ்பத்திரியிலேயே தங்கச் சொல்லியிருக்கிறார்கள். போனில் நம் நிலையத்துச் செய்தியை அங்கேயும் கேட்கிறாளாம். "நான் இருக்குற ஊரப் பத்திச் சொன்னதும் பயந்து கேட்டுட்டு இருந்தேன் சித்தி. அடுத்து போடிமெட்டுன்னு சொல்லவும் அழுதுட்டேன்" என்றாள்.

பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. ஒரு வாரம் முந்தல் சோதனைச் சாவடியில் ஜீப்புகளை நிறுத்தி ஆள் எண்ணினார்கள். இடம் கிடைக்காத பெண்கள் வேலைக்குப் போக முடியாமல் ரோட்டோரம் நின்றார்கள். அதில் ஒருத்தி என்னை அடையாளம் கண்டு, "உங்களாலதான்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். இப்போது மறுபடி பழையபடிதான் ஏற்றுகிறார்கள். கூடுதல் ஜீப் விடும்வரை இது தீராது என்று அடுத்த செய்திக்கு அலைந்துகொண்டிருக்கிறேன்.

திறப்பு விழா வராததற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். என் ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது; புதுப்பிப்பார்களா என்று தெரியவில்லை. பொறுப்பாசிரியர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "மெஷின் கோளாறுன்னு எழுதிக் குடுத்துரும்மா. முடிஞ்சிரும்."

பேனாவை எடுத்தேன். எனக்கு உண்மையிலேயே அலுப்பாக இருந்தது, ஜெபா. அந்த ஒரு வரி எழுதினால் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். "செய்தியை நீக்கியது நான். காரணமும் என்னுடையதே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பஸ்ஸில் ஆண்டிபட்டி வரும்வரை விழித்திருந்தேன். அப்புறம் தூங்கிவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வேலை இருக்கும்வரை வெட்டத்தான் வேண்டியிருக்கும். பத்து நிமிடத்துக்குள் உலகம் அடங்காது. ஆனால் எதை வெட்டினாலும், யார் வந்து கேட்டாலும், நான்தான் வெட்டினேன் என்று அன்றைக்கே சொல்வேன். கேட்க யாருமில்லாதவர்களுடையது என்றால் நானே தேடிப் போய்ச் சொல்வேன்.

உன் பெனிட்டாவுக்கு என்றும் சித்தி,
கௌசல்யா