துவைக்கிற கல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீ அனுப்பிய சேலையை அம்மா இன்னும் உடுத்தவில்லை. பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறாள்.

தையல்கடைச் சித்தி எனக்குக் காஜா போடுவதோடு ஒரு திரைச்சீலையும் தைக்கக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் அமைச்சர் வந்து நம் தெருத் தண்ணீர்த் தொட்டியின் அடிக்கல்லைத் திரை விலக்கித் திறந்துவைக்கிறார். ஆமாம், மறுபடியும்! போன ஆட்சியில் வைத்த கல்லில்தானே நாம் துணி துவைத்துக்கொண்டிருந்தோம்? அதையே காண்டிராக்டர் தூக்கிப்போய்ப் பின்பக்கத்தில் புதுப் பெயரை வெட்டியிருக்கிறாராம்.

தெருவுக்கு அடியில் குளிர்பானக் கம்பெனியின் பெரிய குழாய் ஓடுகிறது. மேலே நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரித் தண்ணீருக்கு நிற்கிறேன். கடைக்குப் பாதி நாள்தான் போக முடிகிறது. தண்ணீர் வந்துவிட்டால் முழு நாளும் தைப்பேன்.

உன் தங்கை

மார்ச் 9

என் ஊமைக்கொட்டானுக்கு,

கல்லை நம்பாதே. ஜூனில் கிளம்பி இங்கே வா, மில்லில் உனக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். நீ வாயைத் திறக்கவே வேண்டாம், இங்கே மெஷின் போடும் சத்தத்தில் யாரும் பேசுவதில்லை.

அக்கா

மார்ச் 14

அக்கா,

சிரிக்காமல் படி. விடிந்ததும் திரை கட்டப் போனேன். கொத்தனார் கல்லை மாற்றி நட்டிருந்தார்! பழைய அமைச்சரின் பெயர் முன்னால், எழுத்துப் பள்ளங்களில் நம் சோப்பு வெள்ளையாக. காண்டிராக்டர் பக்கத்தில்தான் போன் பேசிக்கொண்டிருந்தார். நான் திரையைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அமைச்சர் கயிற்றை இழுத்தார். தட்டப்போன கைகள் அப்படியே நின்றன. அம்மாதான் கத்தினாள்: "அய்யய்யோ, இது நம்ம துவைக்கிற கல்லுடி!"

பின்னாலிருந்து ஒரு குரல்: "கல்லத்தான் திருப்பிட்டீங்க, அந்தக் குழாயையும் கொஞ்சம் எங்க பக்கம் திருப்புங்கய்யா!"

அமைச்சரே சிரித்துவிட்டார். எல்லோர் கையிலும் போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் மைக்கில் சொன்னார்: "தொட்டி அப்புறம். முதல்ல கம்பெனிக் குழாயிலேர்ந்து இந்தத் தெருவுக்கு ஒரு கிளை."

உன் தங்கை

ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. தெருமுனையில் குழாய் வந்துவிட்டது. நமக்குக் காலையில் இரண்டு மணி நேரம், கம்பெனிக்கு ராப்பகலாக. ஆனாலும் ஒன்பது மணிக்கெல்லாம் கடையில் இருக்கிறேன். இப்போது ரவிக்கை வெட்டவே விடுகிறார்கள்.

அம்மா சண்டை போட்டுக் கல்லை வாங்கிவந்துவிட்டாள். புதுப் பெயரை ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் தேய்த்தால் அழுக்கு இன்னும் நன்றாகப் போகிறது.

"கல்லு மாறியிருக்குன்னு அன்னிக்கே காண்டிராக்டர்ட்ட ஏண்டி சொல்லல?" என்று அம்மா கேட்டாள். வெட்கமாக இருந்தது என்றேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். வெட்கம் இல்லை, அக்கா.

குடம் நிறைந்து வழிகிறது, எழுந்திருக்கிறேன்.

உன் ஊமைக்கொட்டான்