குளியலறையில் ஒரு ஜோடி செருப்பு

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். ஏழு மணிக்கே முதுகோடு ஒட்டிய ஜாக்கெட். எனக்கு லீவு. துணி துவைத்தது, மாவு ஆட்டியது. மத்தியானம் வீடு பார்க்கப் போனது.

என் வீட்டுக்காரர் ஏழுமலை இருபது வருஷமாக கம்பெனியில் பாய்லர் ஹெல்பர். அதனால் நான் வைத்த பேரும் பாய்லர். முழுசாக எழுதினால் கை வலிக்கிறது, அஞ்சாங்கிளாஸ் கை. இனிமேல் பா.

வீடு கும்மிடிப்பூண்டி பைபாஸ் தாண்டி. தாமோதரன் என்பவர் ஆறு வருஷம் முன்னால் கட்டியது. சம்சாரம் பேர் லதா. பெரியபாளையம் கோயில் பக்கத்தில் பூஜை சாமான் கடை வைக்கப் போகிறார்களாம், அதற்காக விற்கிறார்கள்.

எங்களுக்கு அவசரம். மகள் மஞ்சுவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்ததும் திருவள்ளூரில் இருந்து கூட்டி வர வேண்டும். இந்த வாடகை வீட்டில் நாலு குடித்தனத்துக்கு ஒரு குளியலறை. பிள்ளை பெற்ற பெண்ணை வாளியோடு வரிசையில் நிறுத்த முடியுமா. நான் கேட்டது இரண்டே இரண்டு. தனிக் குளியலறை, சுடுதண்ணி.

பா. காலண்டரைப் பார்த்து மூணேகாலுக்கு நல்ல நேரம் என்றார். முதல் ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். காலில் கம்பெனி ஷூ, டயர் மாதிரி அடிப்பாகம். கழற்றச் சொன்னால், "இன்ஸ்பெக்சனுக்கு வந்துகீறேன்மே, சும்மா இரு" என்று அப்படியே குளியலறைக்குள் போய்விட்டார்.

கீசரை விரலால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். சுவிட்சைப் போட்டார், சிவப்பு லைட் எரிந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம். கீசரும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு.

"யோவ், என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ இவ்ளோ நேரம் பாக்கல."

"அப்ப எனக்கு எக்ஸ்பீரியன்சு இல்லமே."

லதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பா. குழாயைத் திறந்தார். ஆவி பறக்காத குறை. கையை உதறிக்கொண்டு, "பஸ்ட் கிளாஸு" என்று தீர்ப்புச் சொன்னார்.

தாமோதரன் அண்ணன் தரையைக் காட்டிக்கொண்டே நின்றார். "வழுக்காத டைல்சுமா. மெட்ராசுல தேடி எடுத்தாந்தது. எண்ணெ கொட்னாகூட வழுக்காது."

குளியலறைக்குள் ஓரமாக ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. "இன்னாமா, குளிக்கிறதுக்கும் செருப்பா? பெரிய எடந்தான் போல" என்றேன்.

"அது பழக்கம்க்கா." பாதி சிரிப்போடு நிறுத்திக்கொண்டாள் லதா.

டீ குடித்து, டம்ளரை நானே கழுவப் போனேன். சமையல் ரூம் குழாயில் கை வைத்தால் சுட்டுப்போயிற்று.

"இதுக்கும் கீசரு கனெக்சனாமா?"

"இல்லக்கா. மேல டேங்கு வெயில்ல காயுது இல்ல, அந்தத் தண்ணி."

டம்ளரைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினேன். பைபாஸ் ஏறியதும் வண்டியிலேயே பா.விடம் சொன்னேன். கத்திரி வெயிலில் மூணேகால் மணிக்கு எந்தக் குழாயைத் திறந்தாலும் சுடுதண்ணிதான். இவர் பத்து நிமிஷம் நின்று சூரியனுக்கு சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

மே 5, திங்கள்

வெயில் அதே. நான் சமைக்கிற தேர்வாய் கண்டிகை கம்பெனி கேண்டீனில் இட்லி அடுக்கைத் திறந்தால் உள்ளே இருந்த ஆவிக்கும் வெளிக்காற்றுக்கும் வித்தியாசம் இல்லை. சாம்பாரில் உப்பு தூக்கல். எவனும் கண்டுபிடிக்கவில்லை.

பா. காலையில் இருந்து உம். ராத்திரி சாப்பிடும்போது வாயைத் திறந்தார். "வெடிகாலைல பாக்கணும்மே. டேங்கு ஆறிட்டப்புறம். எங்க பாய்லரும் அப்டித்தான். ஓடிக்கினு கீறப்ப ஒண்ணியும் தெரியாது, ஆறுனத மூட்டுனாதான் அது வண்டவாளம் தெரியும்."

"நல்ல நேரம்?"

"நல்ல நேரத்துல பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும்." அவராகவே சொன்னார். எழுதி வைத்துக்கொள்கிறேன், இன்னொரு நாள் உதவும்.

மே 7, புதன்

பா. துண்டுச் சீட்டில் எழுதியது: தண்ணி சூடு ஏற எத்தனை நிமிஷம். பைப் ஜாயிண்ட்டில் கசிவு. சத்தம்.
அதற்குக் கீழே நான் எழுதியது: மஞ்சு கட்டில் வாசலில் நுழையுமா. துணி காயப்போட இடம். பக்கத்து வீட்டு நாய்.

மஞ்சு போன். "ஊடு இன்னாச்சுமா?" உங்கப்பா சூரியனை விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். குழந்தை உதைத்ததாம்.

கம்பெனி பஸ்ஸில் பின்சீட்டுப் பெண்: "டிரைவரண்ணே, ஏசி போடுண்ணே." டிரைவர்: "ஜன்னல தொறமா, அதான் ஏசி."

மே 9, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். கை இன்னும் மரத்த மாதிரி இருக்கிறது.

விடியக்காலை ஐந்தரைக்கு தாமோதரன் வீடு. பா.வுக்கு செகண்ட் ஷிப்ட், அதனால் ஷூ இல்லை. இரண்டு பேரும் வாசலிலேயே செருப்பை விட்டோம். லதா தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தாள். டேங்கு தண்ணி ஜில்லென்று இருந்தது. பா. சுவிட்சைப் போட்டு வெளியே நின்று கடிகாரம் பார்த்தார். இருபது நிமிஷம் போயிற்று. நான் வாளியோடு உள்ளே போனேன்.

"அக்கா, அந்தச் செருப்ப போட்டுக்கினு போங்கக்கா."

"என் காலு அதுல பூராதுமா. பூந்தா செருப்பு செத்துடும்."

ஈரத் தரை. குழாயைப் பிடித்துத் திருகினேன். சுர்ரென்று முழங்கை வரைக்கும், அங்கிருந்து தோளுக்கும். கை விட்டுக்கொண்டது எப்படி என்று தெரியவில்லை. வாளி உருண்டது. நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பா. ஓடி வந்தார். என்னைத் தொடவில்லை. முதலில் சுவிட்சை அணைத்தார். அப்புறம்தான் தூக்கினார். இருபது வருஷ வேலையில் படித்தது அதுதான் போல. கொட்டிக் கிடந்த தண்ணியைத் தொட்டுப் பார்த்தேன், லேசான வெதுவெதுப்பு, அவ்வளவே. எனக்கு ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் பா. ரொம்பப் பயந்திருக்கிறார்.

தாமோதரன் அண்ணன் ரொம்பச் சாதாரணமாக: "லைட்டாத்தான்மா அடிக்கும். செருப்பு போட்டா ஒண்ணியும் தெரியாது. ஆறு வருசமா நாங்க குளிக்கல?"

பா. குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். மெதுவாக, "அன்னிக்கு நான் ஷூ போட்டுக்கினு நின்னேன்மே" என்றார்.

வழியெல்லாம் எனக்கு மஞ்சு ஞாபகம்தான். ஒரு கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் அந்தக் குழாயை.

மே 10, சனி

புழுக்கம். பா. தன் கம்பெனி எலக்ட்ரீசியன் ஜானைத் தாமோதரன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜான் கீசரைக் கழற்றினான். உள்ளே கம்பிச்சுருள் மேல் வெள்ளையாக உப்பு, இட்லித் தட்டில் மாவு காய்ந்த மாதிரி. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு வெடிப்பு. போர் தண்ணி செய்த வேலை.

அது பெரிசில்லை என்றான். சுவிட்ச் பெட்டியைத் திறந்து ஒரு பச்சை ஒயரைப் பிடித்து இழுத்தான். சுவருக்குள் இருந்து முழம் நீளம் வந்து, முனையோடு நின்றது.

"எர்த்து ஒயருக்கா இது. கரண்ட்டு கசிஞ்சா மண்ணுக்குள்ள கொண்டுபோய் உடணும். இது சும்மா பொம்மை. வெளிய குழியே கெடையாது."

தாமோதரன் அண்ணனுக்குக் கோபம். "கட்னவன் போட்டேன்னுதான் சொன்னான். வேணும்னா வாங்கறவங்க தோண்டிக்கோங்க."

பா. என் பக்கம் திரும்பி, "வாணாம்மே. பேஜாரு புடிச்ச ஊடு. வேற பாப்போம்" என்றார். வேறு வீடு எங்கே இருக்கிறது. மூன்று மாசமாகப் பார்த்ததில் இது ஒன்றுதான் தேறியது. மஞ்சு வர இன்னும் கொஞ்ச நாள்.

நான் அண்ணனிடம் சொன்னேன். "நாங்க வாங்குறோமோ இல்லியோ, குழிய நீங்கதான் தோண்டணும்ணா. நீங்க காலி பண்ற வரைக்கும் இங்கதான இருக்கப்போறீங்க? லதா தெனம் குளிக்கிறா இல்ல?"

"அவளுக்குப் பழக்கம்மா."

அப்போது லதா பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை, அவரைப் பார்த்து. "பழக்கம் இல்லங்க, பயம். விருந்தாளி வந்தா நான் சுவிட்ச ஆப் பண்ணிட்டுத்தான் உள்ள உடுவேன். நேத்து அக்கா வெடிகாலைல வந்ததுல மறந்துட்டேன். நைட்டெல்லாம் தூங்கல."

அண்ணன் அந்த ஒயர் முனையைக் கையில் எடுத்தார். அப்புறம் ஜானிடம், "எவ்ளோ ஆழம் தோண்டணும்பா?"

மே 11, ஞாயிறு

மேகம். மழை இல்லை, சும்மா படம் காட்டியது.

சமையல் ரூமுக்குப் பின்னால் குழி. தாமோதரன் அண்ணனே கடப்பாரை பிடித்தார். இரும்புப் பைப், சுற்றிலும் கரி, உப்பு, தண்ணி. நான் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் புளி போட்டா ரசம் ரெடி" என்றேன். பா. முகத்தில் இரண்டு நாள் கழித்து வெளிச்சம். "வந்துட்டாடா எங்காளு" என்று ஜானிடம் சொன்னார்.

புதுக் கீசர். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்று. ஜான் அதில் ஒரு பட்டனை அமுக்கினான், டப், வீடே அணைந்தது. பா. மறுபடி அமுக்கச் சொன்னார். மறுபடி டப். மூன்றாவது தடவை நான் திட்டிய பிறகு விட்டார். அப்புறம் டெஸ்டரைக் குழாயில் வைத்துப் பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை. பா. வெறுங்காலோடு போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, "எடுத்துக்கலாம்மே" என்றார்.

மஞ்சுவுக்கு போன். "ஊடு இதாண்டி."

லதாவை உள்ளே போகச் சொன்னோம். வாசற்படியில் நின்று காலால் ஓரமாகத் துழாவினாள். செருப்பு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"அக்கா, குடுங்கக்கா."

"போமா. எங்காளே பிடிச்சிக்கினு நின்னாரு, உன்ன இன்னா பண்ணிடப்போவுது."

ஒரு காலை வைத்தாள். அப்புறம் இன்னொரு கால். கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் தொட்டாள். விட்டாள். மறுபடி தொட்டாள். திருகினாள். தண்ணி கொட்டியது, ஆவியோடு. அவள் குழாயைப் பார்க்கவில்லை, குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து.

"மெய்தாங்க" என்றாள் அண்ணனிடம். "வழுக்கல. நல்ல டைல்சுதான்."