அறுவடை வரைக்கும்

ஜூலை 9

கணக்குப் பரீட்சை சொதப்பல். அப்பா ரயிலில் போய் ஒரு பெண்ணைக் கூட்டிவந்திருக்கிறார். பெயர் சிலகம்மா. ஆந்திரா பக்கம் மலை ஊர், என் வயதுதான். வீட்டு வேலைக்கு வந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு தனம் அக்காவிடம் அம்மா சொன்னாள். சிலகம்மாவின் செருப்பை எடுத்துப் பரணில் போட்டாள்.

"வெளில கெடந்தா தொலைஞ்சிடும்டி."

எங்கள் செருப்பெல்லாம் வெளியில்தானே கிடக்கிறது?

ஆகஸ்ட் 22, வெள்ளி

அப்பா பல்லாவரம் சந்தைக்குப் போன நேரத்தில், ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தாய் என்று அவளைக் கேட்டுவிட்டேன். பாதித் தெலுங்கு, பாதித் தமிழில் சொன்னாள். அவளுடைய அப்பா முன்பு மஞ்சள்தான் போட்டாராம். மூட்டையை மலையிலிருந்து இறக்கினால், விற்ற காசு வண்டிக்கூலிக்கே சரியாகிவிடுமாம். கஞ்சா போட்டால் வாங்குகிறவரே வீடு தேடி வருவாராம். விதைக்கும் முன்பே பணமும் அரிசியும் தந்துவிடுவாராம். அறுவடை வரை அந்தப் பணத்துக்கு ஈடு—

"நேனு," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

வாங்குகிறவர் என் அப்பா. மஞ்சள் வியாபாரம் என்றுதான் ஸ்கூலில் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 14

போர்வைக்குள் எழுதுகிறேன். போலீஸ் மலைக்குப் போய்ப் பயிரை வெட்டிக் கொளுத்திவிட்டதாம். அப்பா போனில் யாரிடமோ கத்தினார். "எல்லாம் போச்சுண்ணா! பொண்ணு மூழ்கிடுச்சுன்னு வச்சுக்க வேண்டியதுதான்."

மூழ்கிடுச்சா? சிலகம்மா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாளே! கீழ்க்கட்டளை ஏரி ஞாபகம் வந்தது. அம்மாவைக் கேட்டேன்.

"லூசு. என் செயினு அடகுக் கடைல மூழ்கிச்சே, அந்த மாதிரி. திருப்ப ஆள் வராது, அவ்ளோதான். வாய மூடிக்கினு படி."

அந்தச் செயினை அப்புறம் கடைக்காரர் விற்றுவிட்டாரே?

நவம்பர் 15

சிலகம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, நீ மூழ்கிவிட்டாய் என்று?

டிசம்பர் 2

தினகரன் என்பவர் காரில் வந்தார். மலையில் அப்பா கொடுத்த பணம் இவருடையதாம்.

"இன்னா தசரதா, சரக்கு எங்க?"

"கொளுத்திட்டாங்கண்ணா. அவன் பொண்ணு இங்கதான் கீது—"

"அது அவன் உனக்குக் குட்த்தது. நீ எனக்கு இன்னா குட்த்த?"

நான் காபி கொண்டுபோனேன். தினகரன் டம்ளரை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"பாப்பா டென்த்தா? நம்ம வூட்ல மாடி ரூம் காலியா கீது. அமைதியா படிக்கலாமே."

உள்ளே அம்மா எதையோ கீழே போட்டு உடைத்தாள்.

டிசம்பர் 5

"ஒரு அறுவடை வரைக்கும்தான்மா. அடுத்த தபா பயிர் வந்ததும் அப்பாவே வந்து கூட்டிகினு வந்துடுறேன்."

சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா அழுதுகொண்டே இருந்ததால் என் துணிகளைச் சிலகம்மாதான் மடித்து வைத்தாள்.

டிசம்பர் 6

மாடி அறை. ஃபேன், மேசை, மெத்தை எல்லாம் இருக்கிறது. இந்த வீட்டு அத்தை சூடாக இட்லி தந்தார். அன்பாகத்தான் பேசினார். என் செருப்பை எடுத்துப் பரணில் வைத்தார். வெளியில் கிடந்தால் தொலைந்துவிடுமாம்.