பச்சைப் பட்டனுக்குக் கீழே இருந்தவள்

பிப்ரவரி 9

மூத்த பேரனுக்குப் பாட்டி எழுதுவது.

அன்று ஷெட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உன் அப்பா, ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால். உன் சித்தப்பா, அட்டை வெட்டும் பிரஸ்ஸின் வாயருகே. லேபிள் ஒட்டுகிற சுருட்டை, ஜன்னல் பக்கம். ஒயரிங் வேலை பார்க்கும் நெட்டை, வாசலில் டீ டம்ளரோடு. நான், பிரஸ்ஸை ஓட்டவும் நிறுத்தவும் பட்டன் வைத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பேனல் பெட்டிக்குக் கீழே, ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டின அட்டைகளைக் கட்டுப் போட்டுக்கொண்டு. நீ இல்லை. நீ லீவு முடிந்து விமானம் ஏறிப் போய்விட்டாய்.

நான் நலம். நீ நலமா என்று கேட்பது மரியாதை, கேட்டுவிட்டேன்.

போனில் கேட்கலாமே என்பாய். போன் உன் அப்பா கையில் இருக்கிறது. கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று, "சுருக்கமா பேசும்மா" என்பான். தவிர, பேச்சு காற்றோடு போகும், எழுத்து இருக்கும். இரண்டாம் வகுப்புப் படிப்புக்கு என் எழுத்து கோழி கிளறினது போலத்தான் வரும், பொறுத்துக்கொள்.

உன் சித்தப்பாவுக்குப் புண் ஆறிவிட்டது. வலது கை மணிக்கட்டோடு போனது போனதுதான். உன் அப்பா அவனை கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறான். வருகிற வண்டிக்குக் கதவு திறக்க வேண்டும், போகிற வண்டிக்கு மூட வேண்டும். அந்த பிரஸ்ஸைத் தாய் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தவன். பேனலுக்குள் இருந்து பிரஸ்ஸை ஓட்டுகிறதே, அதே மாதிரி நீ விட்டுப் போன சின்ன கன்ட்ரோலர் பெட்டியை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு, கழிவு அட்டையில் இடது கையால் ஏணி ஏணியாக வரைகிறான். பேனல் செய்கிற கம்பெனியில் வேலை கேட்கப் போகிறானாம். புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. உன்னிடம் கேட்க அவனுக்குக் கூச்சம். அதனால் நான் கேட்கிறேன். அந்த ஏணி என்பது என்ன? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. எனக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும்.

இன்னொன்று. எல்லாரும் சொல்கிற கதை உனக்கும் வந்திருக்கும். கரண்ட் போனது, சித்தப்பா அச்சில் சிக்கின துண்டுகளை உருவக் கை விட்டான், கரண்ட் வந்தது, கிழவி எழுந்தாள், தோள் பச்சைப் பட்டனில் பட்டது, மெஷின் ஓடியது. சின்ன மருமகள் அன்றிலிருந்து என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. உன் சித்தப்பா மட்டும், "விடும்மா, நீ வேணும்னா செய்தே?" என்கிறான்.

எனக்குப் பட்டதாக ஞாபகம் இல்லை. என் ஞாபகம் உனக்குத் தெரியும். மூன்றாவது படிக்கும்போது என் மூக்குக்கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டு, பூனை தள்ளிவிட்டது என்றாய். பூனையே இல்லாத வீட்டில்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பாட்டி

*

பிப்ரவரி 26

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கண்ணாடியை இன்னும் விடவில்லையா? அடுத்த லீவில் தங்க பிரேம் போட்டதாகவே வாங்கி வருகிறேன், பூனைக்கு விடுதலை கொடுங்கள்.

சித்தப்பா இதைக் கற்றுக்கொள்வதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: இரண்டு பக்கமும் நிற்கிற இரண்டு கோடுகள் ஏணியின் கால்கள். இடது காலில் கரண்ட் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அது ஒவ்வொரு படியிலும் நடந்து வலது காலுக்குப் போகப் பார்க்கும். வழியில் சின்னச் சின்னக் கதவுகள், அவற்றுக்குப் பெயர் கான்டாக்ட். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கதவு. எல்லாக் கதவும் திறந்திருந்தால் படியின் கடைசியில் இருக்கும் காயில் என்கிற கம்பிச்சுருள் உயிர் பெறும், மோட்டார் ஓடும்.

பச்சைப் பட்டனிலிருந்து விரலை எடுத்தால் அதன் கதவு மூடிவிடும். அப்படியென்றால் மோட்டார் நின்றுவிட வேண்டுமே? அதற்காக அந்தக் கதவை ஒட்டி இன்னொரு குறுக்குவழி. அதில் மோட்டாரே தன் கதவைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும். சிவப்புப் பட்டனை அழுத்தினாலோ கரண்ட் போனாலோ பிடி விட்டுப்போகும். மறுபடி யாராவது வந்து பச்சையை அழுத்தினால்தான் ஓடும்.

இன்னொரு வகைக் காயிலும் உண்டு. ஒருமுறை "ஓடு" என்று சொல்லிவிட்டால் கரண்ட் போய் வந்தாலும் அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும். வேறொரு படியில் "நில்" என்று சொன்னால்தான் விடும். சித்தப்பா அந்தப் பெட்டியில் இரண்டையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்பு மாட்டிப் பார்க்கட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகினால் வித்தியாசம் தெரியும்.

அன்று நடந்ததை நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வயதானால் தோள் படும், முழங்கை படும். உங்களை யாரும் குறை சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் பேரன்

*

மார்ச் 17

மூத்த பேரனுக்கு,

நீ எழுதியதை உன் சித்தப்பா வாசித்துக் காட்டினான். கதவும் குறுக்குவழியும் எனக்கே புரிந்தது. நல்ல வாத்தியார் நீ.

சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்து இரண்டு பல்பு மாட்டினான். ஒயரைப் பல்லால் உரித்தான், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் எரிந்தன. பிளக்கைப் பிடுங்கினான், இரண்டும் அணைந்தன. திரும்பச் செருகினான். ஒன்று அணைந்தபடியே இருந்தது. மற்றது யாரும் தொடாமல் தானே எரிந்தது.

உன் சித்தப்பா, "பாத்தியாம்மா, வேடிக்கையா இருக்குல்ல" என்றான். எனக்கு வேடிக்கையாக இல்லை.

நீ லீவில் வந்திருந்தபோது தினம் கரண்ட் போய்ப் போய் வந்தது. போய் வரும்போதெல்லாம் ஒருவன் பேனல்வரை நடந்து வந்து பச்சையை அழுத்த வேண்டும். "வேலையை விட நடைதான் அதிகமா இருக்கு, இதுக்குத்தான் இஞ்சினியர் படிப்பா?" என்று உன் அப்பா கத்தினான். நீ லேப்டாப்பைக் கொண்டுவந்து என் ஸ்டூலிலேயே வைத்து, என்னை எழுப்பிவிட்டு, பேனலில் ஏதோ மாட்டினாய். முடித்துவிட்டு உன் அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று எழுதட்டுமா? "இனி யாரும் நடக்க வேண்டாம்ப்பா. அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும்." இந்தக் கடிதத்திலும் அதே வார்த்தையைப் போட்டிருக்கிறாய். பழக்கம்.

உன் சித்தப்பா அப்போது ஷெட்டில் இல்லை, அட்டை வாங்கப் போயிருந்தான். அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை. கரண்ட் போனால் பிரஸ் செத்த பாம்பு, அந்த நேரத்தில்தான் அச்சில் சிக்கினதை உருவ வேண்டும் என்பது இந்த ஷெட்டில் எல்லாரும் கற்ற முதல் வேலை. அவனும் அதைத்தான் செய்தான்.

ஆனால் கை போன அன்று சாயங்காலம் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தபோது பிரஸ் தானாக ஓடவில்லை. பச்சையை அழுத்தினதும்தான் ஓடியது. "யாரோ அழுத்தியிருக்காங்க" என்றார். எல்லார் கண்ணும் என் ஸ்டூலுக்கு வந்தது. நானும் என்னையே சந்தேகப்பட்டேன். அன்றிலிருந்து படுக்கும்போதெல்லாம் தோளைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், பட்டதா, பட்டதா என்று.

இப்போது நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பாவை வண்டியில் ஏற்றிப் போன பிறகு நெட்டை பேனலைத் திறந்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கன்ட்ரோலரின் முகத்திலிருக்கும் சின்ன பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்தான். "சரி தம்பி. ஆமா தம்பி. அழிச்சிட்டேன் தம்பி." ஆஸ்பத்திரிக்குப் பேசுகிறான் என்று நினைத்தேன். எனக்கு அப்போது புத்தி எங்கே இருந்தது? நெட்டை வாயில் எல்லாரும் "சார்", இல்லையென்றால் "டேய்". தம்பி என்று அவன் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான்.

நேற்று அவனிடமே கேட்டேன். "பாட்டி, என்கிட்ட கேக்காதீங்க. எனக்குப் பொழப்பு இருக்கு" என்றான். டீயை மிச்சம் வைத்துவிட்டுப் போனான். நெட்டை டீயை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

உன் சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "மேசையில பல்பு அப்படி எரியுதுன்னா, அன்னைக்கு பிரஸ்ஸுல அதுதான் இருந்துச்சுன்னு ஆகுமாம்மா? எழுதினவன் சொல்லணும்" என்றான். பிறகு என் தோளில் கை வைத்து, "எனக்கு உன் மேல கோபமே இல்ல" என்றான். இடது கை.

கண்ணு, எனக்கு வேண்டியது அவன் கோபம் இல்லாமல் இருப்பது அல்ல. நான் செய்யாததற்கு என் பிள்ளை என்னைத் தினம் மன்னிக்கிறான். அந்த மன்னிப்பைத் தின்று செரிக்க என்னால் ஆகவில்லை. உன் சித்தப்பாவுக்கு ஒரு வரி எழுது. "பாட்டி தொடவில்லை." அவ்வளவுதான். ஏன் எதற்கு என்றுகூட எழுத வேண்டாம். அவனுக்கு எழுதினால் போதும், அவன் ஊரைக் கூட்டமாட்டான்.

உன் அன்புள்ள பாட்டி

*

ஏப்ரல் 8

பேரனுக்கு,

பதில் வரவில்லை. தபால்காரரைத் தினம் கேட்டிலேயே உன் சித்தப்பா மடக்கிப் பார்க்கிறான், பேனல் கம்பெனியிலிருந்து ஏதாவது வந்ததா என்று. நானும் பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் எதுவும் இல்லை.

ஒரு வரிக்கு எவ்வளவு மை ஆகும்?

பாட்டி

*

ஏப்ரல் 20

பாட்டிக்கு,

வேலை அதிகம், அதனால் தாமதம்.

நீங்கள் எழுதியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. லீவில் வந்தபோது அப்பா கேட்டார், ஒரு சின்ன மாற்றம் செய்தேன். எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவர் சொன்னாரா இல்லையா என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது. நான் அங்கே இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது, அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நீங்கள் சொல்வதுதான் சரி என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஷெட்டை மூடுவார்கள். அப்பா, சித்தப்பா, சுருட்டை எல்லாருடைய சோறும் போகும். எனக்கு இங்கே இஞ்சினியராக மெஷின்களுக்குச் சான்று தந்து கையெழுத்துப் போடும் அதிகாரம் போகும். சித்தப்பாவின் கை திரும்பி வராது. உங்களுக்கு இந்த வயதில் யாரும் எதுவும் செய்யப்போவதில்லை, உங்கள் மேல் யாருக்கும் கோபமும் இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் எல்லாரும் நன்றாக இருக்கலாம்.

நீங்கள் கேட்டதை எழுதித் தர முடியாது. எழுத்து இருக்கும் என்று நீங்களேதான் சொன்னீர்கள்.

சித்தப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பேரன்

*

மே 3

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. என்னுடையதை நான் பிரிக்கவே இல்லை. அவனுக்கும் ஒன்று வந்திருக்கிறது என்றதும் எனக்கு அது போதுமாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்தேன். சின்ன மருமகளையும் கூப்பிட்டேன். அவளும் வந்து நின்றாள். இத்தனை நாளில் நான் கூப்பிட்டு அவள் வந்தது அன்றுதான்.

உன் சித்தப்பா கவரைக் கடித்துக் கிழித்தான். சத்தமாக வாசிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். மீதியைக் கண்ணால் வாசித்தான். மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "உன்னை நல்லா பாத்துக்கச் சொல்றான்மா" என்றான்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. வயசானவங்க, கவனமா பாத்துக்கணும்னு. அவ்வளவுதான்."

அவன் கேட்டுக்குப் போன பிறகு எடுத்து நானே எழுத்துக் கூட்டினேன். "பாட்டிக்கு வயதாகிவிட்டது, ஏதேதோ கற்பனை செய்கிறார். தன் மேல் இருக்கும் பாரத்தை யார் மேலாவது இறக்கி வைக்கப் பார்க்கிறார். பெரிய மனதோடு மன்னித்துவிடுங்கள்." நல்ல கையெழுத்து. இரண்டாம் வகுப்புக்காரிகூடத் திக்காமல் வாசிக்க முடிந்தது.

அப்போது பூனை. இப்போது நான்.

எனக்கு எழுதியதையும் வாசித்தேன். அதை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் காட்டினேன். "வச்சுக்குவோம்னுதானேம்மா எழுதியிருக்கான்" என்றான். அவனுக்கு அண்ணன் பிள்ளையைச் சந்தேகப்படத் தெரியாது. நீ போட்டிருக்கும் வார்த்தைகளும் அப்படி, ஒரு கதவையும் திறந்து வைக்காமல். பேனல் கம்பெனியிலிருந்து அவனுக்குப் பதில் வந்துவிட்டது. இரண்டு கை வேண்டுமாம். வரைந்த அட்டைகளையெல்லாம் கட்டித் தரச் சொன்னான், நானே கட்டினேன். கழிவோடு கழிவாகப் போனது.

இனி எழுதமாட்டேன். கணக்கை நேர் செய்துவிட்டு நிறுத்துகிறேன்.

உன் அப்பாவுக்குப் பேராசை, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் சோம்பல். தவழும்போதே தெரிந்த குணம். திட்டிக்கொண்டே சோறு போடுவேன், அவனை விட்டுவிட்டேன். நெட்டை பிழைப்புக்குப் பயந்தான், அவனையும் விட்டேன். சுருட்டை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. இன்ஸ்பெக்டர் அவருக்குக் காட்டினதைப் பார்த்தார். சின்ன மருமகள் அவளுக்குச் சொன்னதை நம்பினாள். என் கையால் தண்ணீர் வாங்காமலே இருக்கட்டும், அவள் புருஷனின் கை அது, அவளுக்கு உரிமை உண்டு.

அந்த ஏணியை மாற்றி எழுதியதைக்கூட மன்னித்துவிட்டேன். அப்பன் கேட்டான், பிள்ளை செய்தான். யார் கையாவது போகட்டும் என்று யாரும் எழுதவில்லை.

ஆனால் சித்தப்பாவை ஏற்றிப் போன வண்டி தெருமுனை திரும்பியிருக்காது. தரை இன்னும் ஈரம். அதற்குள் அவ்வளவு தூரத்திலிருந்து ஒருத்தர் ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி, புது ஏணியை அழித்துப் பழையபடி ஆக்க வைத்தார். கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நெட்டை பதில் சொல்லியிருப்பான், நான் கேட்டிருப்பேன். பெட்டிக்குக் கீழேதான் இருந்தேன். அவன் சொன்னதெல்லாம் "சரி தம்பி", "ஆமா தம்பி", "அழிச்சிட்டேன் தம்பி". அவ்வளவுதான்.

கரண்ட் போய் வந்தாலும் மறக்காத காயில் ஒன்று உண்டு என்று நீ சொல்லிக் கொடுத்தாய். நில் என்று சொன்னால்தான் விடுமாம். எனக்குள்ளும் அப்படி ஒன்று ஓடுகிறது; அதற்கு நில் என்று சொல்ல வேண்டிய ஒருத்தர் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

அன்று ஷெட்டில் இருந்த எல்லாரையும் விட்டுவிட்டேன். நான் மன்னிக்க மாட்டாதது அன்று அங்கே இல்லாத ஒருவனை மட்டும்: என் மூத்த பேரன்.