மனைவியின் கைபேசியில் சிக்கிய கையொப்பம்

அனுப்புநர்:
பூட்டுக் கடைக்காரர் (விற்பனை, பழுதுபார்ப்பு, மாற்றுச் சாவி),
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு பதிவு அதிகாரி அவர்கள்,
மின்னணுக் கையொப்ப அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: எனது மின்னணுக் கையொப்பம் கோபித்துக்கொண்டு போனது – இணைய வணிகம் முடங்கியது – தக்க ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பூட்டுத் தொழில் செய்பவன். ஆறு ஆண்டுகளாக இணையச் சந்தையிலும் விற்கிறேன். அதற்கான மின்னணுக் கையொப்பம் என் பெயரில்தான் உள்ளது. ஆனால் ஒவ்வொரு முறையும் வரும் ரகசிய எண் என் மனைவியின் கைபேசிக்குப் போகிறது. பதிவு செய்த அன்று என் கைபேசியில் சார்ஜ் இல்லை. அவருடைய எண்ணைக் கொடுத்துவிட்டேன்.

2. இணைய வணிகத்தில் பாதுகாப்பே முதன்மை என்று தங்கள் அலுவலகத் துண்டறிக்கையில் படித்தேன். உடனே, பூட்டை ஒரு பார்சலிலும் சாவியை நான்கு நாள் கழித்து இன்னொரு பார்சலிலும் அனுப்ப ஏற்பாடு செய்தேன். திருடன் கையில் இரண்டும் ஒன்றாகச் சிக்கக் கூடாதல்லவா? பார்சல் கட்டும் என் மனைவி, "இது வேலைக்கு ஆகாதுங்க" என்றார். நான் கேட்கவில்லை.

3. பூட்டு வந்த அன்றே ஒரு பல் மருத்துவர் அதைத் தன் வீட்டு கேட்டில் மாட்டி அழுத்திப் பார்த்திருக்கிறார். நல்ல பூட்டு, பூட்டிக்கொண்டது. சாவி வரும்வரை அவர் நான்கு நாளும் சுவர் ஏறிக் குதித்து மருத்துவமனைக்குப் போனதாகப் புகார் எழுதினார். அதற்கு என் மனைவி, "முட்டாள்தனம் முழுவதும் என்னுடையதே, மன்னிக்கவும்" என்று என் பெயரில் பதில் எழுதி, என் மின்னணுக் கையொப்பத்தையும் இட்டு அனுப்பிவிட்டார். ஆக, சட்டப்படி நானே என்னை முட்டாள் என்று ஒப்புக்கொண்டவனாகிறேன்.

4. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். "இனி என் கையெழுத்தை நீ தொடக் கூடாது" என்று கத்தினேன். "சரிங்க" என்றார். கைபேசியை எடுத்துக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இன்றுவரை தொடவில்லை.

5. வரும் வெள்ளிக்கிழமைக்குள் சந்தையின் புதிய ஒப்பந்தத்தில் கையொப்பம் இடாவிட்டால் என் இணையக் கடையை மூடிவிடுவார்கள். அந்த அக்காவின் கணவரான என் சகலையைத் தூது அனுப்பினேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து, என் மனைவி தன்னிடம் சொன்னதாக அவர் சொன்ன பதில் இது: "அத்தான், 'இந்த எண்ணை யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு அதுலயே போட்டிருக்கு. என்னைச் சட்டத்தை மீறச் சொல்றாரா உங்க சகலை?"

6. எண்ணை மாற்றித் தரும்படி தங்கள் அலுவலகத்தை அணுகினேன். மாற்றுவதற்கான ரகசிய எண் பழைய எண்ணுக்கே வரும் என்றார்கள். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டும் இந்த யோசனை எனக்குக்கூடத் தோன்றியதில்லை.

7. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இதுவரை ரகசிய எண் கோரி நாற்பத்தொரு முறை பொத்தானை அழுத்தியிருப்பதாகத் தங்கள் பதிவேட்டில் இருக்கும். அவற்றில் நான்கு மட்டுமே ஒப்பந்தத்துக்காக. மற்றவை, அழுத்தினால் அவர் கையில் ஒரு மணி அடிக்குமே என்பதற்காக. வீடு வீடாகவே இல்லை, ஐயா. பார்சலில் ஒட்டும் டேப் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

8. நானாகப் போய்க் கூப்பிடலாமே என்று தாங்கள் கேட்கலாம். அந்தத் தெருமுனைவரை ஐந்து முறை போனேன். கால் வரவில்லை. சகலை வேறு மாடியில் நின்று பார்க்கிறார்.

ஆகவே, "மனுதாரர் மேற்படி கைபேசி வைத்திருப்பவரை நேரில் சந்தித்து, அவர் எழுதிய பதிலில் கண்டவை அனைத்தும் உண்மை என ஒப்புக்கொள்ள வேண்டும்" என்று எனக்கு எழுத்துப்பூர்வமாக ஓர் ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அரசு ஆணை என்றால் நான் மீறமாட்டேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை.

ஆணையின் நகலை அவருக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். நானாகவே வந்ததாக இருக்கட்டும்.

இடம்: கடை
நாள்: அவர் போன பத்தொன்பதாம் நாள்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூட்டுக் கடைக்காரர்
(பேனாவால், நானே இட்டது)