நாலாவது குழாயில் ஒரு ரப்பர் மூடி

பிப்ரவரி 9

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும்.

பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். ‘என் கார், என் கதை’ என்று எல்லோரும் எழுத வேண்டுமாம். நான் அந்தச் சங்கத்தை விட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இருந்தும் எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. யார் அனுப்பியது என்று கீழே பார்த்தேன். மலர் ஆசிரியர் என்ற இடத்தில் அண்ணனின் கையெழுத்து.

எழுதுகிறேன். நன்றாகவே எழுதுகிறேன். அப்பா எனக்கென்று விட்டுப்போன காரை ஒருவர் இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிப் போனதையும், எஞ்சினைப் பாழாக்கி லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்ததையும் எழுதுகிறேன். வாசலில் நின்று, “அறுபதுக்கு மேல போகவே இல்லடா” என்று கூசாமல் சொன்னதையும் எழுதுகிறேன். அவர் கையாலேயே பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பட்டும்.

‘அவர்’ என்று மரியாதையோடுதான் எழுதப்போகிறேன். நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது.

கடைசித் தேதி ஏப்ரல் 20.

பிப்ரவரி 11

ஷெட்டைத் திறந்தேன். காரின் உறை மேல் ஒரு விரற்கடைத் தூசு. அன்று கயிற்றை அவிழ்த்துத் தள்ளி நிறுத்தியதுதான். அதன் பிறகு ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை. பழுது பார்த்திருக்கலாமே என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். சாட்சியை யாராவது கலைப்பார்களா?

ஆனால் கட்டுரைக்கு ஒரு முடிவு வேண்டும். அவர் கெடுத்ததை நான் ஓட வைத்தேன் என்று முடிய வேண்டும். அதுவும் பழையபடி அல்ல. கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்ஜெக்‌ஷன் வைக்கப்போகிறேன். கார்புரேட்டர் குத்துமதிப்புக்காரன், காற்று இழுக்கிற இழுப்பில் பெட்ரோலும் கூடவே போய்ச் சேரும், அவ்வளவுதான். இன்ஜெக்டர் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து தெளிக்கும். எனக்கு ஏற்ற ஆள்.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

“பதினோரு வருஷமா தொடாததை இப்ப எதுக்குங்க தொடறீங்க?”

“கட்டுரைக்கு.”

“கட்டுரைக்கா, உங்க அண்ணனுக்கா?”

காரின் உறையை உருவி உதறினேன். இவள் மட்டும் அண்ணியோடு வாராவாரம் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் கேட்பதில்லை; அவளும் சொல்வதில்லை. அப்படி ஓர் ஒப்பந்தம்.

பிப்ரவரி 23

எஞ்சினின் தலையைத் திறந்தேன். நாலாவது பிஸ்டனின் நடுவில் கட்டை விரல் போகிற அளவுக்கு உருகிய ஓட்டை. மற்ற மூன்றும் பளிச்சென்று இருக்கின்றன.

நான்கு படம் எடுத்து வைத்தேன். மலரில் ஒரு பக்கம் முழுக்கப் போடச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 24

ஒரு யோசனை. கண்மண் தெரியாமல் ஓட்டினால் நான்கும் அல்லவா சூடேற வேண்டும்? ஏன் நாலாவது மட்டும்?

எந்த எஞ்சினிலும் ஒன்று பலவீனமாகத்தான் இருக்கும். விடு.

மார்ச் 6

சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்ட லேத்காரரிடமே மேனிஃபோல்டையும் கொடுத்திருந்தேன். எஞ்சினுக்குள் போகும் காற்றை நான்காகப் பிரித்துவிடுகிற அலுமினியக் குழாய்க் கொத்து அது. கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த வாயில் காற்றுக்கு மட்டும் ஒரு புது வாய் வர வேண்டும். நான்கு குழாயிலும் துளை போட்டு, இன்ஜெக்டர் உட்காரக் குமிழ் வைத்துப் பற்றவைக்க வேண்டும். எந்தச் சரிவில் வைத்தால் பெட்ரோல் நேரே வால்வின் முதுகில் விழும் என்று அளவெல்லாம் வரைந்து கொடுத்திருந்தேன்.

லேத்காரர் படத்தை ஓரமாக வைத்துவிட்டார். “சார், துளை போடறதுக்கு முன்னாடி பழைய ஓட்டை இருக்கான்னு பாத்துடுவோம்.” வாய்களையெல்லாம் தகடு வைத்து அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார்.

நாலாவது குழாயின் அடியிலிருந்து பொலபொலவென்று குமிழி வந்தது.

தூக்கிக் கவிழ்த்தார். சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே இருக்கும் பக்கம் அது. கரியும் எண்ணெய்யும் காய்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். ஒரு சின்னப் பித்தளை நிப்பிள், டியூப் மாட்டுகிற முனை. அதன் தலையில் கறுத்துச் சுருங்கிப் பிளந்துபோன ஏதோ ஒன்று. அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“சார், இது காது மருந்து பாட்டில் ரப்பர் சார்! சொட்டு விடுவோமே, அந்தக் குமிழு! இதைப் போய் மூடியா மாட்டியிருக்கான். சைலன்சர் சூட்டுல ரப்பர் நிக்குமா? எந்தப் பெரிய மனுஷன் செஞ்ச வேலை சார் இது?”

“தெரியலையே” என்றேன்.

“வெளிக் காத்து இது வழியா உள்ள போயிருக்கும். நாலாவதுக்குக் காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. அப்புறம் பிஸ்டன் உருகாம என்ன செய்யும்? மெதுவா ஓட்டினாலும் உருகும். ஓட்டினவர் பாவம் சார்.”

ஓட்டினவர் பாவம்.

நான் வெப்ப இயக்கவியல் பாடம் நடத்துகிறவன். இருபத்தாறு வருடமாக.

மார்ச் 6, மாலை

எப்படி மறந்தேன்? எப்படி — உண்மையிலேயே மறந்துவிட்டேனா?

பரணில் ஏறிப் பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். எதையும் தூக்கிப் போடாதவன் நான். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு வைத்திருப்பேன். என்றைக்காவது உதவும் என்று.

உதவியது. அந்த வருடம், அந்த வாரம். என் கையெழுத்து, அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

“சனி. நாலாவது குழாயில் நிப்பிள் வைத்து, வெற்றிட மீட்டர் மாட்டி, கார்புரேட்டரைச் சரிசெய்தேன். கடிகாரம் மாதிரி ஓடுகிறது. மீட்டரைக் கழற்றியபின் நிப்பிளுக்குத் தற்காலிகமாக மருந்து பாட்டில் ரப்பர். நாளை பித்தளை மூடி வாங்க வேண்டும்.”

“ஞாயிறு. கடை மூடியிருந்தது.”

“திங்கள். அண்ணன் காலையிலேயே வந்து வண்டியை எடுத்துப் போனான். மதியம் வழியிலிருந்து போன். ‘வண்டி நிக்கும்போது என்னமோ உஸ்ஸுனு சத்தம் வருதுடா’ என்கிறான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டு என்றேன்.”

மார்ச் 7

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டு.

மார்ச் 9

மனைவியிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று நாளாகத் தொண்டையில் முள் மாட்டியவன் மாதிரி திரிகிறேனாம், அவளே கேட்டாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்வாள் என்றும் கொஞ்சம் நினைத்தேன். அவளோ இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“அது என் காது மருந்து!”

“ஆமாம்.”

“ரப்பரைக் காணோம்னு வீடு பூரா தேடினேன். நீங்களும்தான் என்கூடக் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடினீங்க!”

“தேடினேனா?”

“டார்ச் அடிச்சுத் தேடினீங்க!”

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கும் வாய் கோணியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. அதுக்கப்புறம் உங்க அண்ணன் யார் வண்டியையும் தொடறது இல்லையாம். மாப்பிள்ளை சாவியைக் கொடுத்தாக்கூட, ‘வேணாம்பா, என் கை ராசி சரியில்ல’ன்னு பின் சீட்டுல போய் உக்காந்துக்குவாராம். அண்ணி சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாங்க.”

அந்த மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. சித்தப்பா ஏன் வரவில்லை என்று அந்தப் பெண் அழுதாள் என்று எப்போதோ காதில் விழுந்தது. அப்போது அது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். தேதி போட்டு.

மார்ச் 10

விசித்திரம். நேற்று அடித்துப் போட்டாற்போல் தூங்கியிருக்கிறேன்.

அவமானமாக இருக்க வேண்டும், இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் வேறு ஏதோ, இறுக்கிக் கட்டிய செருப்பைக் கழற்றியது போல. காலையில் முகம் மழிக்கும்போது யோசித்துப் பார்த்தேன். பதினோரு வருடமாக என் கோபம் பிஸ்டனுக்காக இல்லை. என் முகத்தைப் பார்த்து அண்ணன் பொய் சொல்லிவிட்டான் என்பதுதான் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அப்பாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் எனக்காக அடி வாங்கியவன், போயும் போயும் ஒரு காருக்காக என்னிடமே பொய் சொல்வானா என்று.

சொல்லவில்லை. அறுபதுக்கு மேல் போகவே இல்லை அவன்.

மார்ச் 21

மேனிஃபோல்ட் வந்துவிட்டது. குமிழ் நான்கும் ஒரே சரிவில், அச்சு வார்த்த மாதிரி. நிப்பிள் துளையை லேத்காரர் பற்றவைத்து அடைத்து, இழைத்தும் கொடுத்திருக்கிறார். “இனிமே எமனே வந்தாலும் இது வழியா போக முடியாது சார்.”

அந்த ரப்பர் எங்கே என்று கேட்டேன். குப்பையில் கிளறி எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நல்ல மனிதர்.

ஏப்ரல் 5

பின்னால் டாங்க்கிலிருந்து தனிக் குழாய், பம்ப், மிச்சப் பெட்ரோல் திரும்பிப் போக இன்னொரு குழாய். சைலன்சர் குழாயில் புகையை மோந்து பார்க்கிற சென்சார். டேஷ்போர்டுக்கு அடியில், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற கணினிப் பெட்டி. முதுகு விண்டு போகிறது.

மூடி எல்லாம் பித்தளை. எல்லாமே.

ஏப்ரல் 11

ஸ்டார்ட் ஆகவில்லை. மூன்று முறை இருமிவிட்டு நின்றுவிட்டது.

ஏப்ரல் 12

இரண்டாவது, மூன்றாவது இன்ஜெக்டர்களின் ஒயரை மாற்றிச் செருகியிருக்கிறேன். முன்பு என்றால் ஒயர் விற்றவனைக் குற்றம் சொல்லியிருப்பேன். ஒயரைப் பிடுங்கினேன், மாற்றிச் செருகினேன், சாவியைத் திருகினேன்.

பிடித்தது. அரைச் சுற்றிலேயே. சோக்கை இழுத்துப் பிடிப்பது இல்லை, மிதித்து மிதித்துக் கெஞ்சுவது இல்லை. பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். உஸ்ஸென்று எங்கும் ஒரு சத்தமும் இல்லை. மடிக்கணினித் திரையில் நான்கு சிலிண்டருக்கும் சேர்ந்த புகைக் கணக்கு நேர்கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவின் கார். ஷெட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகைதான் என்று மனைவியிடம் சொன்னேன்.

“இவ்வளவு செலவு பண்ணி புகையே வராத வண்டி செஞ்சிருக்கீங்க, புகையாம்” என்றாள்.

ஏப்ரல் 13

பழைய கட்டுரை பதினான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். என்ன தமிழ்! ஒவ்வொரு வாக்கியமும் ஊசி. கிழித்துவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான்.

புதியது நான்கே பக்கம். மேனிஃபோல்டை எப்படி மாற்றினேன் என்று இரண்டு பக்கம். நாலாவது குழாய் பற்றி இரண்டு. நிப்பிள், ரப்பர், சனி, ஞாயிறு, திங்கள். ‘கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டு’ என்பது உட்பட. கடைசியில் ஒரு வரி: ஓட்டியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர் இனி எந்த வண்டியையும் ஓட்டலாம், இந்த வண்டியை முதலில்.

மனைவி படித்தாள். “இதுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிட்டா தேவலையே.”

“முடியாது.”

“ஏன்?”

“அழுதுடுவேன்.” எழுதும்போது யோசித்தால் அது முழு உண்மை இல்லை. அவன் அழுதுவிடுவான். அதைக் கேட்க எனக்குத் திராணி இல்லை.

ஏப்ரல் 14

உறையில் அந்த ரப்பரையும் போட்டு ஒட்டப் போனேன். கடைசிப் பக்கத்தின் கீழே பேனாவை வைத்து, எடுத்துவிட்டேன். பெயர் போடப் போவதில்லை. சங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் கைதட்டிச் சிரிப்பதற்குப் பெயரைக் கொடுக்கும் அளவுக்கு நான் இன்னும் நல்லவனாகிவிடவில்லை. கட்டுரையைப் படித்து, தன் கையால் பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பப்போகிற ஆசிரியருக்குப் பெயர் தேவையும் இல்லை. ஆறாம் வகுப்பில் என் வீட்டுப்பாடத்தைப் பாதி எழுதிக் கொடுத்தவன் அவன். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும்.

அனுப்புநர் முகவரியையும் எழுதவில்லை. தபால் பெட்டி வரைக்கும் காரிலேயே போகிறேன்.

அறுபதுக்கு மேல் போக மாட்டேன்.